நாலு ஞாயிறு மாத்திரை

கித்வே, சாம்பியா
23-11-1986

அன்புள்ள அக்கா சரோஜினிக்கு,

தம்பி தனசிங் எழுதுவது. இங்கே நான், தபீதாள், ஹெப்சி மூவரும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தாம்பரத்தில் மழை விட்டதா, இல்லை பள்ளிக்கூடத்துக்குப் படகில் போகிறாயா?

தபீதாளும் ஹெப்சியும் டிசம்பர் 13, சனிக்கிழமை மாலை பம்பாய் வழியாக மீனம்பாக்கம் வந்து இறங்குகிறார்கள். ஜூனில் ஹெப்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எனக்கு இங்கே ஒப்பந்தம் முடிய அடுத்த டிசம்பர் ஆகிவிடும். அதுவரை இரண்டு பேரும் உன் பொறுப்பு. அம்மா போன பிறகு என்னையே ஆளாக்கியவளுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை படி. மலேரியா மாத்திரை. இங்கே நாங்கள் வாரம் ஒரு முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போட்டுக்கொள்கிறோம். ஊரைவிட்டுக் கிளம்பினாலும் நாலு வாரம் விடாமல் போட வேண்டும். கடித்த கொசு இங்கேயே இருந்துவிடும். அது ஏற்றிவிட்ட கிருமி அவர்களோடு விமானம் ஏறி வரும். உடம்புக்குள் சத்தமில்லாமல் சில வாரம் இருந்துவிட்டு அப்புறம்தான் ரத்தத்தில் இறங்கும். இறங்கும்போது அங்கே மருந்து இருக்க வேண்டும். டிசம்பர் 14, 21, 28, ஜனவரி 4. நாலு ஞாயிறு. தபீதாளின் கைப்பையில் டப்பா இருக்கிறது. ஹெப்சிக்கு அரை மாத்திரை, பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். கசக்கிறது என்று துப்புவாள், விடாதே.

அதையும் மீறிக் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையே 'குழந்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது' என்று சொல்லிவிடு. இங்கே எங்கள் பள்ளிக் காவலாளியின் மகன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதனால்தான் இவ்வளவு வளவளவென்று எழுதுகிறேன்.

உன் பிரியமுள்ள தம்பி,
தனசிங்

*

கிழக்குத் தாம்பரம்
22-12-1986

என் அன்புத் தம்பி தனசிங்குக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். அனைவரும் சுகம். மூட்டு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை.

உன் பெண்டாட்டியும் பிள்ளையும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். உன் மகள் வாயாடியடா. டாக்ஸியில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. விமானப்படை விமானம் தலைக்கு மேலே போனால் போதும், சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு ஓடுகிறாள். வேலைக்கு வரும் கன்னியம்மாவிடம் ஒரே வாரத்தில் மெட்ராஸ் பாஷை கற்றுக்கொண்டு, நேற்று என்னைப் பார்த்து 'இன்னா அத்தை, காப்பி ரெடியா கீதா' என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிற எனக்கு இவளிடம் பருப்பு வேகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தேன். நாலு வருஷம் அந்தக் காட்டில் இருந்துவிட்டு ஒரு சேதமும் இல்லாமல் திரும்பியதற்கு நன்றி செலுத்த வேண்டாமா? சபையிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கேசரி, காராபூந்தி, காப்பி. ஹெப்சி நடுவில் நின்று ஒரு சங்கீதத்தை முழுவதும் ஒப்பித்தாள். ஜெபக்குழு ரத்தினபாய் அழுதே விட்டாள்.

கூட்டம் முடிந்து போகும்போது ரத்தினபாயிடம் தபீதாள் மாத்திரைக் கணக்கைச் சொல்லியிருக்கிறாள். ரத்தினபாய் என்னிடம், "ஆண்டவர் சுகமா கொண்டுவந்து சேர்த்தார்னு இப்பத்தானே சாட்சி சொன்னீங்க டீச்சர், அப்புறமும் மாத்திரை போட்டா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஸ்தோத்திரம் ஏறெடுத்துவிட்டு மறுநாள் காலையில் பயந்துகொண்டு மருந்து விழுங்குவது நன்றாகவா இருக்கிறது? முதல் ஞாயிறு ஒன்று போட்டாயிற்று. அதைப் போட்டதற்கே பிள்ளை வாந்தி எடுத்தாள். நேற்று டப்பாவை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன். தபீதாள் முகம் சுண்டியது. ஆனாலும் மறுபேச்சு பேசவில்லை. எங்கள் ஊர்க் கொசு உங்கள் ஊர்க் கொசு அளவுக்குப் படித்ததில்லை, நீ நிம்மதியாக இரு.

கிறிஸ்துமஸ் கேக் உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுகிறேன்.

உன் அக்கா,
சரோஜினி

*

கித்வே
9-1-1987

அக்கா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று காலை தபால் ஆபீஸ் திறக்கும்போதே போய்த் தந்தி கொடுத்தேன். அது எப்போது சேருமோ தெரியாது, சேராமலும் போகலாம் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

மாத்திரையை உடனே திரும்பக் கொடு. இரண்டு பேருக்கும். காய்ச்சல் இருந்தால் மாத்திரையோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போ. ஆப்பிரிக்கா என்று சொல்.

நான் எழுதியது உனக்கு ஏன் விளங்கவில்லை? மாத்திரையும் ஸ்தோத்திரமும் ஒன்றுக்கொன்று சண்டையா? குடை பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா? ரத்தினபாய்க்கு என் மகளைப் பற்றி என்ன தெரியும்?

இன்று தேதி ஒன்பது. 21, 28, 4. மூன்று ஞாயிறு போய்விட்டது. நீ இதைப் படிக்கும்போது ஐந்தாவதும் ஆறாவதும் போயிருக்கும். நான் இங்கே காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. உடனே பதில் போடு. 'சுகம்' என்று ஒரு வார்த்தை போதும்.

தனசிங்

*

கிழக்குத் தாம்பரம்
2-2-1987

அன்புத் தம்பிக்கு,

தந்தி 12-ஆம் தேதி வந்தது. கடிதம் போன வாரம் வந்தது. பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

ஹெப்சிக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. நீ பயந்த காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குயினைன் ஏற்றினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். உடம்பு தேற நாள் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். தபீதாளுக்கு ஒன்றும் இல்லை, அவள் மாத்திரை போடுகிறாள். நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

பள்ளியில் பரீட்சை வேலை நிறைய. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அக்கா

*

கித்வே
25-2-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கூட வேலை பார்க்கும் அப்பாதுரை சார் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதேன்.

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. ஆனால் பிள்ளை கஞ்சி குடிக்கிறாள் என்ற வரியைப் படித்ததும் பாதி போய்விட்டது. மீதியை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் லீவு கேட்டேன். வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டை லுசாக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அது எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. தலைமையாசிரியர் நல்ல மனுஷர், கையை விரிக்கிறார்.

ஹெப்சியை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லேன். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு படமாவது போடச் சொல். அவள் கைபட்ட தாள் ஒன்று வந்தால் எனக்குத் தூக்கம் வரும். தபீதாள் ஏன் எழுதுவதில்லை?

தம்பி,
தனசிங்

*

கிழக்குத் தாம்பரம்
20-3-1987

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. தபீதாளுக்குப் பிள்ளையைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறது, அதனால் எழுதவில்லை. நீ கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா

(உள்ளே, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்:)

அப்பா நான் நலம். அத்தை வீட்டில் கோழிக் குஞ்சு இருக்கு. நீங்க எப்போ வருவீங்க. ஹெப்சி.

(கீழே கலர் பென்சிலில் ஒரு சூரியன். சூரியனுக்குப் பற்கள்.)

*

கித்வே
14-4-1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஆயிரம் வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தாளைப் பிரித்ததும் முதலில் சூரியனைத்தான் பார்த்தேன். என் மகளைத் தவிர உலகத்தில் யாரும் சூரியனுக்குப் பல் வைக்க மாட்டார்கள். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அப்பாதுரை சார், பக்கத்து வீட்டுக்காரர்கள், பால்காரன் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியாயிற்று. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. உன் பள்ளியில் சேர்ந்ததும் நிமிர்த்திவிடு, ஆனால் அடிக்காதே.

ஜூனில் சேர்ப்பதற்கு விண்ணப்பம் வாங்கிவிட்டாயா? சீருடை தைத்ததும் போட்டுவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தபீதாளிடமிருந்து நாலு மாதமாக ஒரு வரி இல்லை. என்மேல் கோபமா? கேட்டுச் சொல்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கொசு குறைந்திருக்கிறது. நான் ஞாயிறு தவறாமல் மாத்திரை போடுகிறேன்.

உன் தம்பி,
தனசிங்

*

கிழக்குத் தாம்பரம்
8-5-1987

அன்புள்ள அத்தானுக்கு,

தபீதாள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அந்தத் தாள் ஹெப்சி எழுதியது இல்லை. மதினி இடது கையால் எழுதியது. சூரியனைப் பழைய நோட்டைப் பார்த்துப் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை.

மதினி சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாளும் நான் எழுதாமல் இருந்தேன். எனக்குப் பொய் எழுத வரவில்லை, உண்மை எழுதவும் கை வரவில்லை. சீருடைப் போட்டோ கேட்டு நீங்கள் எழுதியதை மதினி நேற்று படித்துவிட்டு, சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

தபீதாள்

*

கிழக்குத் தாம்பரம்
10-5-1987, ஞாயிறு

தம்பி,

நலம் விசாரித்து எழுதும் தகுதி எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெப்சி உயிரோடு இருக்கிறாள். அது பொய் இல்லை. ஆனால் மலேரியா மூளையைத் தாக்கியதில் வலது கையும் வலது காலும் விளங்கவில்லை. பேச்சு இல்லை. நாம் பேசினால் பார்க்கிறாள், சில நாள் சிரிக்கிறாள், சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. வாரம் இரண்டு நாள் தபீதாள் அவளைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் பட்டணம் போய்க் கை காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வருகிறாள். பேச்சு வருமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். சின்னப் பிள்ளையின் மூளை, நாள் கொடுத்துப் பார்ப்போம் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவது தபீதாளுக்கும் நேற்றுவரை தெரியாது.

காய்ச்சல் ஜனவரி 4-ஆம் தேதி வந்தது. அன்று சாயங்காலமே தெருமுனை டாக்டரிடம் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். தபீதாள் வீட்டில் இருந்தாள். அவர் நல்ல டாக்டர், அவரை ஒன்றும் சொல்லாதே. அவர் கேட்டார்: "வெளியூர் எங்கேயாவது போய்ட்டு வந்தீங்களா டீச்சர்?"

நான், "இல்ல டாக்டர், இங்கதான் இருக்கோம்" என்றேன்.

எனக்கு உன் கடிதம் ஞாபகம் இல்லாமல் இல்லை. நீ எழுதிய அந்த முதல் வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆப்பிரிக்கா என்று சொன்னால் மாத்திரை போட்டீர்களா என்று அடுத்து கேட்பார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினவள், இதற்கு என்ன பதில் சொல்வது? வெளியே பெஞ்சில் சபைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரணக் காய்ச்சலாக இருக்கும், இரண்டு நாளில் இறங்கிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

இறங்கவில்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று டாக்டர் மருந்தை மாற்றினார். நான் அப்போதும் சொல்லவில்லை. ஒரு பொய் சொன்னபிறகு அதைத் திருத்துவது முதலில் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. தபீதாள் தினமும் கேட்டாள், "ஆப்பிரிக்கான்னு சொன்னீங்கல்ல மதினி?" என்று. சொன்னேன் என்றேன். மாத்திரையைத் திரும்பக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, டாக்டர் மருந்தோடு அது வேண்டாம் என்று அதற்கும் ஒரு பொய்.

12-ஆம் தேதி காலையில் பிள்ளைக்குக் கண் செருகியது. நான் கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்க வந்த கன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னா டீச்சரம்மா, கொயந்த கண்ணு மேல போய்கினு கீது, நீ இன்னா பண்ணிகினு கீற, தூக்கு" என்றாள். அவள்தான் ஆட்டோவை நிறுத்தினாள். நாங்கள் ஏறும்போதுதான் உன் தந்தி வந்தது. அதை அப்படியே ஆஸ்பத்திரி டாக்டர் கையில் கொடுத்தேன். என் வாயால் அப்போதும் சொல்லவில்லை, தம்பி. உன் தந்திதான் சொல்லிற்று. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்தாள்.

4-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதிவரை எட்டு நாள். மாத்திரையை நிறுத்தியது அறியாமை என்று நீ மன்னிக்கலாம். அந்த எட்டு நாள் அறியாமை இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் இந்நேரம் சீருடை தைத்திருப்போம்.

அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. வெட்கமாக இருக்கிறது.

சரோஜினி

*

கிழக்குத் தாம்பரம்
30-8-1987

தனசிங்குக்கு,

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை.

தபீதாளுக்கு உன்னிடமிருந்து நாலு கடிதம் வந்துவிட்டது. தபால்காரர் சம்பத் என் கையில்தான் கொடுக்கிறார். "தம்பி லெட்டர் டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குழந்தையை மாற்றி மாற்றித் தூக்குகிறோம். என்னைத் திட்டிவிட்டாலாவது தேவலை என்று இருக்கிறது.

ஹெப்சி போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி வைத்தாள். நாலாவது அடியில் விழுந்தாள். அழவில்லை. வார்த்தை இன்னும் வரவில்லை. இதை நானாக மெருகு போட்டு எழுதவில்லை, தபீதாளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

ஜெபக்குழுவுக்கு நான் போவதில்லை. ரத்தினபாய் வந்து, தன்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று கேட்டு அழுதாள். இல்லை, நீ கேட்டது ஒரு கேள்விதான், டப்பாவை மேலே வைத்தது என் கை என்று சொல்லி அனுப்பினேன்.

சரோஜினி

*

கித்வே
15-11-1987

அக்கா,

மே மாதத்திலிருந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவேன், கிழிப்பேன். உன் தப்பு இல்லை என்று ஒரு தடவை எழுதினேன். அது பொய், கிழித்துவிட்டேன். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று ஒரு தடவை எழுதினேன். எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பின முகம் அது, வேறு எந்த முகத்தில் விழிப்பது? அதையும் கிழித்தேன்.

எட்டு நாள் என்று நீ எழுதியதை மறக்க முடியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போடும்போது எட்டு வந்தால் கை நிற்கிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று என்னால் இன்றைக்கு எழுத முடியாது. பிறகு எப்போதாவது முடியுமா என்றும் தெரியவில்லை. நீ மறைத்தாய் என்பதற்காக நானும் மறைக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் போன மாதம்தான் திரும்பி வந்தது. டிசம்பர் 19, சனிக்கிழமை இரவு மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். யாரும் வர வேண்டாம், நானே வந்துவிடுவேன். நான் வந்ததற்காகக் கூட்டம் எதுவும் வைக்க வேண்டாம்.

நானும் நாலு ஞாயிறு மாத்திரை போட வேண்டும். டப்பாவை வந்ததும் உன்னிடம் கொடுத்துவிடுவேன். ஆராதனை முடிந்து வந்தபின் நீ எடுத்து, தண்ணீரோடு என் கையில் கொடுக்க வேண்டும். நானாகக் கேட்க மாட்டேன், தபீதாளையும் ஞாபகப்படுத்த விடமாட்டேன். நீ கொடுத்தால் போடுவேன். கொடுக்காவிட்டால் போட மாட்டேன்.

முதல் ஞாயிறு டிசம்பர் 20.

தனசிங்